இணைப்பற்ற வண்டியை நிறுத்தும் தடுப்பு

தேர்த்திருவிழாவுக்குச் செல்வோரின் கண்கள் முதலில் நாடுவது தேரின்மேல் எழுந்தருளியிருக்கும் மூர்த்தியை; அடுத்து நாடுவது வடம்பிடித்து நிற்கும் அடியார் கூட்டத்தை. தேர்ச்சில்லின் அருகே, கையில் மரக்கட்டையோடு குனிந்தும் நிமிர்ந்தும் கூடவே செல்லும் நாலைந்து பேரைக் கவனிப்போர் மிகச் சிலரே. இணுவிற் கந்தசுவாமி கோவிலின் பெருமஞ்சத்தைக் காணவரும் கூட்டமும் இதற்கு விலக்கன்று. ஆயின் அந்த முட்டுக்கட்டைக்காரரே தேரின் உண்மையான காவலர். வடத்தைப் பிடித்தவர் ஆயிரம் பேராயினும் அவர்களால் தேரை முன்னே கொண்டுசெல்ல இயலுமேயன்றி, ஓடத் தொடங்கிய தேரை நிறுத்த இயலாது. ஏனெனிற் கயிறு இழுக்கும், தள்ளாது. முன்னிருந்து இழுப்பவனுக்குப் பின்னால் வரும் பாரத்தின்மேல் உள்ள அதிகாரம் கயிறு தொய்ந்த அக்கணத்திலேயே போய்விடுகின்றது. ஆகவே நிறுத்தும் ஆற்றலை இழுப்பவரிடம் விடாமல், இழுபடும் பொருளின் காலடியிலேயே முன்னோர் வைத்தனர். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் நீரியல் தடுப்பும் பொருத்திக் கொடுத்தபோதும், அத்தடுப்பு அமைந்த இடம் தேரின் அடியேயன்றி வடத்தின் நுனியன்று.

பிறேக் என்று பேச்சில் வழங்கும் தடுப்பைப்பற்றிச் சிந்திப்போர் இந்த ஒன்றை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு வண்டி இன்னொரு வண்டியை இழுத்துச் செல்லும் இடமெல்லாம் இதே வினா எழுகின்றது: இடையிலுள்ள இணைப்பு அற்றுப்போனால் பின்னே வந்ததை நிறுத்துவது யார்? காங்கேசன்துறை வீதியிலே மரக்கறி மூடைகளை ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குச் செல்லும் உழவு யந்திரப் பெட்டிக்கும் இவ்வினா உண்டு. புகையிரதப் பெட்டிகளுக்கும் உண்டு. இணுவிலிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் சென்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியோர் கோடை விடுமுறையில் மோட்டார் வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் செல்லும் சில்லு பூட்டிய சிறு வீட்டுக்கும் உண்டு. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் அமைந்த அவ்வீட்டைப் பிரித்தானியாவிற் கரவான் என்பர். வட அமெரிக்காவில் றெயிலர் என்பர். இக்கட்டுரையில் இழுக்கும் வண்டியை முன்வண்டி என்றும், இழுபடுவதைப் பின்வண்டி என்றும் கொள்வோம். இணைப்பு அற்றவுடன் பின்வண்டியைத் தானே நிறுத்தும் அமைப்புக்குப் பிரிவுத்தடுப்பு என்று பெயர் தரலாம்.

யாழ்ப்பாணம் சமதரை, இங்கே மலையுமில்லை, சரிவுமில்லை, ஆகவே உருண்டோடும் ஆபத்தும் இல்லை என்று ஒருவர் கூறக்கூடும். இது பிழையான எண்ணம். வேகமே ஓர் உயரம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் பொருளிடத்துள்ள இயக்கச் சத்தி, அப்பொருள் 25 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து நிலத்தை அடையும்போது பெறும் சத்திக்குச் சமம். 25 மீற்றர் என்பது நன்கு முதிர்ந்த பனையொன்றின் உயரம். 2,000 கிலோகிராம் நிறையுள்ள பின்வண்டி அவ்வேகத்தில் இணைப்பற்றுப் போகுமாயின், அது பனையுச்சியிலிருந்து விடப்பட்ட வண்டிக்கு ஒப்பாகும். விழும் திசை மாத்திரம் வேறு. வேகம் பாதியானால் உயரம் நாலிலொன்றாகும். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் உழவு யந்திரப் பெட்டிக்கும் 2½ மீற்றர் உயரம் உண்டு. மதில் உயரத்திலிருந்து இரண்டு தொன் நெல் விழுந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வினாவுக்கு உலகம் விடை கண்டது பெருந் துயரமொன்றின் பின்னரே. 1889ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் நாள், அயர்லாந்தின் வடபாகத்திலுள்ள ஆர்மா நகரிலிருந்து ஞாயிற்றுப் பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோருமாக ஏறக்குறைய 900 பேர் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டனர். பெட்டிகள் பதினைந்து. எஞ்சினுக்கோ அவ்வளவு பாரத்தை ஏற்றத்தில் இழுக்கும் வலியில்லை. 75 அடிக்கு ஓரடி உயரும் சரிவில், உச்சியை அணுகும் வேளையில் வண்டி நின்றுவிட்டது. பயணத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் ஒரு முடிவு செய்தார்: வண்டியை இரண்டாகப் பிரிப்பது, முன்னுள்ள ஐந்து பெட்டிகளை முதலில் மேலே கொண்டுபோய் விடுவது, பின்னர் வந்து எஞ்சிய பத்தையும் கொண்டுசெல்வது.

அப்பெட்டிகளில் தடுப்பு இல்லாமலில்லை. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே குழாய் வழியாகச் செல்லும் வெற்றிடத் தடுப்பு இருந்தது. ஆனால் அது சாதாரண வெற்றிடத் தடுப்பு எனப்படும் வகையைச் சேர்ந்தது. எஞ்சின் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெற்றிடத்தை உண்டாக்கும்போது தடுப்புப் பற்றும். குழாயிற் காற்றுப் புகுந்தால் விடும். குழாயைக் கழற்றிய மறுகணமே பின்னின்ற பத்துப் பெட்டிகளுக்கும் அத்தடுப்பு இல்லாமற் போயிற்று. எஞ்சியது கடைசிப் பெட்டியிலுள்ள கைத்தடுப்பு ஒன்றே. அதன்மேல் நம்பிக்கை குறைந்ததாலோ என்னவோ, சில்லுகளின் கீழ்ப் பாதையோரக் கற்களையும் எடுத்து வைத்தனர். நம் ஊர் முட்டுக்கட்டையின் வேலையைக் கருங்கற் சல்லியிடம் ஒப்படைத்தனர் எனலாம். எஞ்சின் முன்னே செல்லப் புறப்பட்டபோது சற்றே பின்வாங்கிற்று. பின்னின்ற பெட்டிகளை மெல்ல இடித்தது. கற்கள் நொருங்கின. கைத்தடுப்பு தாங்கவில்லை. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருளத் தொடங்கின. சீட்டில்லாதோர் ஏறாதிருக்கக் கதவுகளைப் பூட்டியிருந்தமையால் உள்ளிருந்தோர் குதிக்கவும் வழியில்லை. அதே பாதையிற் பின்னால் ஏறிவந்த இன்னொரு புகையிரதத்துடன் அவை மோதின. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர்.

அவ்வாண்டு முடியுமுன்னரே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. பயணிகள் புகையிரதம் ஒவ்வொன்றிலும் எல்லாப் பெட்டிகளுக்கும் தொடர்ந்து செல்லும் தடுப்பு இருத்தல் வேண்டும். வண்டி பிரியின் அது தானே பற்றுவதாயும் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஒரு கூறு. வியப்புக்குரியது யாதெனின், சட்டம் கேட்ட தடுப்பு அன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிருக்கவில்லை. அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1869இல் முதலிற் செய்த காற்றுத் தடுப்பில், எஞ்சின் காற்றை அழுத்தி அனுப்பினால் தடுப்புப் பற்றும். குழாய் வெடித்தால் ஒன்றுமில்லை. குறையைத் தாமே உணர்ந்த அவர் 1872இல் ஒழுங்கைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனிக் காற்றுத்தொட்டி. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தடுப்பு விட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் அந்தந்தப் பெட்டியின் தொட்டிக் காற்றே தடுப்பைப் பற்றச் செய்யும். ஆர்மாவுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே விடை கிடைத்திருந்தது. பணச் செலவுக்கு அஞ்சியோரே அதனை வாங்கவில்லை.

வெற்றிடத்தைக் கொண்டும் இதே தலைகீழ் ஒழுங்கை அமைக்கலாம். தன்னியக்க வெற்றிடத் தடுப்பு என்பது அதுவே. ஒவ்வொரு பெட்டியின் கீழும் ஓர் உருளை. அதனுள்ளே ஓர் ஆடுதண்டு. தண்டின் மேலும் கீழும் வெற்றிடம். இரு பக்கமும் ஒத்திருக்கும்வரை தண்டு தன் பாரத்தாற் கீழே கிடக்கும், தடுப்பு விட்டிருக்கும். குழாய் அறுந்தாலோ, காவலர் தம் பெட்டியிலிருந்து வால்வைத் திறந்தாலோ கீழ்ப்பக்கத்திற் காற்றுப் புகும். வளிமண்டலமே தண்டை மேலே தள்ளும். பிரித்தானிய வழக்கப்படி 21 அங்குல இரசத்துக்குச் சமமான வெற்றிடம் வைக்கப்படும். 18 அங்குல விட்டமுள்ள உருளையில் இது ஒரு தொன்னுக்கு மேற்பட்ட விசையாகும். இலங்கைப் புகையிரதங்கள் நெடுங்காலம் இம்முறையிலேயே ஓடின. வடபகுதிப் பாதை 1905இல் நிறைவுற்றுக் கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்த நாள்முதல், 1990இற் போர் அதனைத் துண்டிக்கும்வரை, கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று நின்று நின்று சென்ற வண்டிகள் நிற்கும்தோறும் பெட்டியின் அடியிலிருந்து எழுந்த நீண்ட பெருமூச்சு வளிமண்டலம் உள்ளே புகும் ஓசையே. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 தொடக்கத்திற் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது. புதிய வண்டிகள் சிலவற்றில் அழுத்தக் காற்று அவ்விடத்தை எடுத்துக்கொண்டது, தத்துவம் மாறவில்லை.

ஆக, தடுப்புகள் இருவகை. ஒன்று, ஆற்றல் இருக்கும்போது விட்டிருந்து, ஆற்றல் அற்றதும் பற்றுவது. மற்றது, ஆற்றல் வந்தாலன்றிப் பற்றாதது. முதல் வகை விழித்திருக்கும் காவலன். குழாயில் ஓட்டை விழுந்தால் வண்டி நகர மறுக்கும். பழுதை அது தானே அறிவிக்கும். பழுதடைந்த வண்டியை ஓட்ட முயன்றாலும் முடியாது. பெரும் பார ஊர்திகளிற் காற்றழுத்தம் வில்லைச் சுருக்கித் தடுப்பை விட்டுவைப்பதும், காற்று இறங்கியதும் அவ்வில்லே விரிந்து சில்லைப் பற்றுவதும் இதன் மற்றோர் உருவம். இரண்டாவது வகையோ உறங்கும் காவலன். அவன் உறங்குகின்றானா, உயிரே இல்லையா என்பதைப் பார்த்தவுடன் அறிய முடியாது. பின்வண்டியின் பிரிவுத்தடுப்பிற் குறைகாண்பது ஏன் கடினம் என்பதற்கு விடை இங்கேயே உள்ளது. வட அமெரிக்கப் பயண வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் உள்ளது இந்த இரண்டாம் வகை.

அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புக் கிண்ணம் ஒன்று. திருத்துநர் அதனை ட்றம் என்பர். அதனுள்ளே வளைந்த இரு தடுப்புத் தகடுகளும், ஒரு நெம்பின் நுனியிற் பொருத்திய மின்காந்தமும் உள்ளன. மின் பாய்ந்தால் மின்காந்தம் சுழலும் கிண்ணத்தின் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், கிண்ணம் அதனை இழுத்துச் செல்ல முயலும், நெம்பு திரும்பும், தகடுகள் விரிந்து கிண்ணத்தைப் பற்றும். சாதாரண ஓட்டத்தில் அந்த மின் முன்வண்டியிலிருந்து வடம்போன்ற மின்கம்பி வழியே வருகின்றது. இணைப்பு அற்றாற் கம்பியும் அறும். அவ்வேளைக்கென்றே பின்வண்டியிற் 12 உவோற்று மின்கலவடுக்கு ஒன்றும், அதற்கும் மின்காந்தங்களுக்கும் இடையில் ஓர் ஆளியும் வைக்கப்பட்டுள்ளன. ஆளியினுள்ளே செருகிய முளையொன்று இரண்டு செப்புத் தொடுகைகளையும் பிரித்து வைத்திருக்கும். அம்முளையின் மறுமுனையிலிருந்து மெல்லிய எஃகு இழுகயிறு முன்வண்டிக்குச் செல்லும். வண்டிகள் பிரிந்தால் கயிறு முளையைப் பிடுங்கும், தொடுகைகள் சேரும், மின்காந்தங்கள் உயிர்பெறும். ஐக்கிய அமெரிக்காவின் வணிக ஊர்தி விதிகள் இவ்வாறு பற்றிய தடுப்பு குறைந்தது 15 நிமிடமாவது விடாதிருத்தல் வேண்டுமென்று கூறுகின்றன.

இத்தடுப்புச் செயற்படவில்லை என்ற ஐயம் எழுந்தாற் பலர் செய்வது முளையை இழுத்துப் பார்ப்பதே. இழுக்கலாம், ஆனால் அதற்கு முன்பு முன்வண்டியிலிருந்து வரும் மின்கம்பியைக் கழற்றிவிடல் வேண்டும். இதனைச் செய்யாதவர் இருவகையில் ஏமாறுவர். முதலாவது, பின்வண்டியின் மின்கலவடுக்கு முற்றாகச் செத்திருந்தாலும் முன்வண்டியின் மின்கலவடுக்கு அதற்குப் பதிலாக மின் ஊட்டிச் சோதனையை வெல்லச் செய்துவிடும். உண்மையிற் பிரியும்போது முன்வண்டி உடன் வராது என்பதை மறந்த சோதனை அது. இரண்டாவது, மின்னோட்டம் எதிர்வழியே சென்று முன்வண்டியிலுள்ள தடுப்புக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கெடுக்கவுங் கூடும். கம்பியைக் கழற்றியபின் ஒரு சில்லை உயர்த்தி, முன்னோக்கிக் கையாற் சுழற்றிவிட்டு, இன்னொருவரைக்கொண்டு முளையை இழுப்பித்தாற் சில்லு சட்டென நிற்றல் வேண்டும். எல்லாச் சில்லுகளையும் இவ்வாறே பார்த்தல் வேண்டும். பார்த்து முடிந்ததும் முளையை மறவாது செருகிவிட வேண்டும். மறந்தால் மின்கலவடுக்கு வடிந்துபோகும், மின்காந்தங்களும் வீணாகச் சூடேறும்.

சில்லு நிற்கவில்லையாயின் அடுத்து உவோற்றுமானியை எடுப்பது வழக்கம். இங்கேதான் அனுபவசாலிகளும் தவறுகின்றனர். மின்கலவடுக்கின் முனைகளில் மானி 12½ காட்டுகின்றது. ஆகவே மின்கலவடுக்கு நன்று. கம்பியின் நுனியிலும் அதையே காட்டுகின்றது; ஆகவே கம்பியும் நன்று. யாவும் நன்றாயிருக்கத் தடுப்பு மாத்திரம் பற்றாதது ஏன் என்று திகைப்பர். மானி பிழை சொல்லவில்லை. கேட்ட கேள்வியே பிழை. வேலை செய்யாமல் நிற்கும் சுற்றில் உவோற்றை அளப்பது, பாரம் ஏற்றாத வடத்தைத் தடவிப் பார்த்து அது தேரை இழுக்கும் என்பதற்கு ஒப்பாகும்.

உயர்தர வகுப்புப் பௌதிக மாணவன் ஒருவன் இதனை எளிதிற் கணிப்பான். மின்காந்தம் ஒன்றின் தடை ஏறக்குறைய 4 ஓம். 12 உவோற்றில் அதனூடே 3 அம்பியர் பாயும். இரண்டு அச்சுகளிலுமாக நான்கு சில்லுகளுள்ள வண்டியில் நான்கு மின்காந்தங்களும் சமாந்தரமாக இணைந்திருப்பதால் மொத்தத் தடை 1 ஓம். மொத்த மின்னோட்டம் 12 அம்பியர். இப்பொழுது வழியிலே துருப்பிடித்த மூட்டு ஒன்று இருப்பதாகவும், அதன் தடை 1 ஓம் எனவும் கொள்வோம். மின் பாயாதபோது அம்மூட்டின் இருபுறத்தும் மானி ஒரே அளவையே காட்டும். மின் பாயத் தொடங்கியதும் 12 உவோற்றில் 6 உவோற்றை அந்தத் துருவே விழுங்கிவிடும். மின்னோட்டம் 6 அம்பியராகக் குறையும். மின்காந்தம் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதற்குரிய வலுவில் நாலிலொன்று. ஆகவே அளக்க வேண்டுவது முளையை இழுத்து, மின் பாய்ந்துகொண்டிருக்கும் அச்சில வினாடிகளில். மின்கலவடுக்கின் முனைகளில் உவோற்று விழுந்தால் அதுவே நோயாளி. அங்கே விழாது மின்காந்தத்தின் அருகில் விழுந்தால் இடையிலுள்ள மூட்டுகளில் ஒன்று. ஒவ்வொரு மூட்டின் இருபுறத்தும் மானியின் இரு முனைகளையும் வைத்துப் பார்த்தால் குற்றவாளி தன்னைத் தானே காட்டிக்கொடுப்பான். அரை உவோற்றுக்கு மேல் காட்டும் மூட்டை ஐயமின்றிப் பிரித்துச் சுரண்டலாம். அம்பியர்மானி உள்ளவர் மொத்த மின்னோட்டத்தை அளந்து, 12க்குப் பதிலாக 9 காட்டினால் ஒரு மின்காந்தம் அறுந்திருக்கின்றது என்று படுத்துப் பார்க்காமலே சொல்லலாம். கல்லூரி ஆய்கூடத்துத் திசையறி ஊசியைச் சில்லின் உட்புறத்தே பிடித்தாலும் போதும். மின் பாயும்போது ஊசி திரும்பாத சில்லில் மின்காந்தம் வேலை செய்யவில்லை.

மூட்டுகளுள் முதற் சந்தேகத்துக்குரியது நிலத்தொடுப்பு. மின்னுக்குப் போகும் வழிபோன்றே மீளும் வழியும் வேண்டும். பல வண்டிகளில் மீளும் வழியாக வண்டியின் இரும்புச் சட்டமே பயன்படுகின்றது. சட்டத்தில் திருகாணியால் இறுக்கிய கம்பியின் கீழ் மை பூசியிருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ அந்த 1 ஓம் அங்கே பிறக்கும். கடற்காற்றுப்படும் ஊர்களிலும், பனிகாலத்தில் வீதிக்கு உப்புத் தூவும் கனடா போன்ற நாடுகளிலும் இது விரைவில் நேரும். யாழ்ப்பாணத்தில் இரும்பு வைத்திருப்போருக்கு உப்பின் வேலையைப்பற்றிப் புதிதாகக் கூறவேண்டியதில்லை. அடுத்தது ஆளி. அது வண்டியின் முன்னணியில், மழையும் சேறும் தெறிக்கும் இடத்தில் இருக்கின்றது. உள்ளே நீர் புகுந்தாற் செப்புப் பச்சை பூக்கும், முளையும் இறுகிவிடும். ஆண்டுக்கணக்கில் இழுக்கப்படாத முளை இழுகயிற்றையே அறுத்துவிட்டு உள்ளே இருந்துவிடுவதும் உண்டு. கையால் இழுக்கக் கடினமாயுள்ள ஆளியைப் பழுதுபார்ப்பதிற் பயனில்லை. விலை மலிந்த பொருள், மாற்றிவிடுவதே அறிவு. மூன்றாவது, அச்சின் குழலினூடே ஒரு சில்லிலிருந்து மறுசில்லுக்குச் செல்லும் கம்பி. வண்டி குலுங்குந்தோறும் அது இரும்பில் உராய்ந்து உறை தேய்கின்றது. வெளியே தெரியாது, முளையை இழுத்தவுடன் உருகி எரியுமாயின் அங்கே தேடல் வேண்டும்.

மின்கலவடுக்கு முதுமையால் மாத்திரம் இறப்பதன்று. ஈயவமில மின்கலவடுக்கு வெறுமையாகக் கிடந்தாற் கெடும். அதனை ஓட்டத்தின்போது ஊட்டிவரும் கம்பியின் உருகி என்றோ எரிந்திருக்கும், ஒருவரும் அறியார், மாதங்கள் செல்லச் செல்ல அது மெல்ல வற்றும். வேறு சில வண்டிகளிற் பிரிவுத்தடுப்புக்கென்று தனி மின்கலவடுக்கு இராது. விளக்கெரிக்கும் பெரிய மின்கலவடுக்கே இதற்கும் உதவும். பனிகாலத்தில் அதனை வீட்டுக்குள் எடுத்துவைத்துவிட்டு வசந்தத்தில் மீளப் பூட்ட மறந்தவருடைய வண்டியில், அல்லது பிரதான ஆளியை அணைத்துவிட்டுப் புறப்பட்டவருடைய வண்டியில், பிரிவுத்தடுப்பு இல்லை என்பதே பொருள். அதனாலேதான் பிரிவுத்தடுப்பின் கம்பியைப் பிரதான ஆளிக்கு முன்னரே மின்கலவடுக்கிலிருந்து நேராக எடுக்க வேண்டும் என்பர். தனி மின்கலவடுக்கு 5 அம்பியர்-மணி கொள்ளளவுடையதாயின், 12 அம்பியர் வீதம் கணக்கின்படி 25 நிமிடம் தாங்கும். ஆனால் இவ்வளவு விரைவாக வாங்கும்போது சிறு மின்கலவடுக்கு தன் கணக்கை முழுதாகக் கொடுப்பதில்லை. புதிதாயிருக்கும்போதே பதினைந்து நிமிடத்துக்குச் சிறிது மேலாக நிற்பது, இரண்டு மூன்று ஆண்டுகளின்பின் எவ்வளவு நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். வண்டியைத் தரித்து வைப்பதற்காக முளையை இழுத்துவிடும் சிலர் உளர். மின்கலவடுக்கு வற்றியதும் வண்டி விடுபடும். தரித்த வண்டிக்கு வேண்டுவது சில்லின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டையே. இருபத்தோராம் நூற்றாண்டின் வண்டியும் அங்கே தேரின் வழிக்கு வந்தாக வேண்டும்.

மின்னெல்லாம் செவ்வனே இருந்தும் சில்லு நிற்கவில்லையெனிற் குறை கிண்ணத்தினுள்ளே. தகடுகள் தேய்ந்திருக்கலாம், அச்சின் கொழுப்பு கசிந்து அவற்றின்மேற் படிந்திருக்கலாம், தகட்டுக்கும் கிண்ணத்துக்குமுள்ள இடைவெளி கூடியிருக்கலாம். எதிர்மாறாக, தடுப்பு விடாது பற்றிக்கொண்டே இருந்தால் ஆளியின் ஒரு கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; கழற்றியதும் சில்லு விடுபட்டால் ஆளியினுள்ளே தொடுகைகள் ஒட்டியிருக்கின்றன.

ஐரோப்பியக் கரவானில் மின்கலவடுக்கும் இல்லை, மின்காந்தமும் இல்லை. முன்வண்டி வேகம் குறைக்கும்போது பின்வண்டி முன்னே நெருங்கும். அந்நெருக்கமே ஒரு தண்டைத் தள்ளித் தடுப்பைப் பற்றச் செய்யும். பிரிந்தால் நெருக்கமும் இல்லையாதலால், கைத்தடுப்பின் நெம்பிற் கட்டிய மெல்லிய எஃகுக் கயிறொன்று முன்வண்டிக்குச் செல்கின்றது. பிரியும்போது அது நெம்பை இழுத்துக் கைத்தடுப்பைப் பூட்டிவிட்டுத் தான் அறுந்துபோகும். அறுவதற்கென்றே செய்த கயிறு அது. அதனைப் பலமான சங்கிலியாக மாற்றிய ‘திருத்தம்’ திருத்தமன்று. ஐக்கிய இராச்சியத்தில் மொத்த நிறை 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட பின்வண்டிக்குத் தடுப்பு இருந்தே ஆகவேண்டும். இங்கே காணும் குறைகள் பெரும்பாலும் கயிற்றைக் கட்டுபவரின் கையிலேயே உள்ளன. வேறு இடமிருக்கக் கொளுவியின் குண்டிலேயே கயிற்றைத் தளர்வாகச் சுற்றிவிட்டால், குண்டைவிட்டுப் பின்வண்டி கழலும்போது கயிறும் கூடவே கழன்று வந்துவிடும். வட அமெரிக்க இழுகயிற்றுக்கும் இது பொருந்தும்: அதனைக் கொளுவியிலன்று, முன்வண்டியின் சட்டத்திலேயே கட்டல் வேண்டும், ஏனெனிற் சில வேளைகளிற் கொளுவி முழுவதுமே கழன்று வருகின்றது. திருப்பத்தில் இழுபடாத அளவு நீளமும், வீதியில் உராயாத அளவு குறுக்கமும் அதற்கு வேண்டும்.

விழித்திருக்கும் தடுப்பு, உறங்கும் தடுப்பு என்ற வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2013ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாகாணத்து லாக் மெகான்ரிக் நகரிலே, சரிவில் ஆளின்றித் தரித்து வைத்த 72 எண்ணெய்த் தாங்கிகளையுடைய புகையிரதம் தானே உருண்டு வந்து தீப்பற்றி 47 பேரைப் பலிகொண்டது. அதனைப் பிடித்திருந்த தடுப்புகளுள் முக்கியமானவை எஞ்சின்களிலுள்ளவை; அவை காற்றை ஊட்டினாற் பற்றும் வகை. எஞ்சினொன்றில் உண்டான தீயை அணைத்தவர்கள் அதனை நிறுத்தினர். காற்றழுத்தி ஓயவே அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்தது. போட்டிருந்த கைத்தடுப்புகளும் போதவில்லை. ஆர்மாவுக்கு 124 ஆண்டுகளின் பின்னரும் காரணம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாயிற்று.

யாழ்ப்பாணத்து வீதிகளிலோ உழவு யந்திரத்தின் பின்னே செல்லும் பல பெட்டிகளுக்குத் தடுப்பே இல்லை. இருசில்லு உழவு யந்திரத்தில் ஓட்டுநர் பெட்டியின் முன்புறத்திலேயே அமர்வதால், பெட்டியின் சில்லுக்குக் காற்றடுப்பு அமைந்திருப்பின் இணைப்பு அற்றாலும் அது அவர் காலடியில் இருக்கும். தேரின் தத்துவத்தை அறியாமலே பின்பற்றிய அமைப்பு அது. நாலுசில்லு உழவு யந்திரத்தின் ஓட்டுநருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ளது ஓர் இரும்பு ஊசி மாத்திரமே. அந்த ஊசி தொலைந்தபோது வெட்டுக் கம்பித் துண்டொன்றையோ பழைய திருகாணியையோ செருகிக்கொண்டு புறப்படுவது அரிய காட்சியன்று. ஊசியின் அடியில் அது மேலெழாமற் காக்கும் பூட்டுமுள் இல்லாவிட்டால், குழி விழுந்த ஒழுங்கையிற் பெட்டி குலுங்கக் குலுங்க ஊசி சிறிது சிறிதாக மேலேறி வெளியே வந்துவிடும். பின்னால் வருவது பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையின் துவிச்சக்கர வண்டியாகவும் இருக்கலாம்.

பிரிவுத்தடுப்பு இல்லாத பெட்டிக்குச் செய்யக்கூடியது, பிரியவிடாமற் காப்பதும், பிரிந்தாலும் தூரம் போகவிடாமற் பிடிப்பதுமே. கொளுவியின் துளைக்கு ஏற்ற பருமனுள்ள முழு எஃகு ஊசி, அதன் அடியிற் பூட்டுமுள், ஊசியைத் தொடாது உழவு யந்திரத்தின் சட்டத்தையும் பெட்டியின் சட்டத்தையும் நேரே இணைக்கும் சங்கிலிகள் இரண்டு. அச்சங்கிலிகளைக் கொளுவியின் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காகக் கட்டினால், ஊசி கழன்றபோது பெட்டியின் மூக்கு நிலத்திற் குத்தாமல் அவற்றின்மேல் தொட்டிலிற்போற் கிடக்கும். ஊசியின் தேய்வைப் பார்ப்பதற்கு அதனை உருவி எடுத்து, சுமை தாங்கிய நடுப்பாகத்தையும் நுனியையும் விரலாற் தடவினாற் போதும். நடுவிலே பள்ளம் தட்டுப்பட்டால் அந்த ஊசியின் காலம் முடிந்தது.